கொத்தும் கோழியின் அலகை வெட்டாதீர்கள்

இந்த வாரமும் அலகு வெட்டப்பட்ட ஒரு பெட்டைக்கோழியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வீட்டிலேயே நகவெட்டியால் வெட்டியிருக்கிறார்கள், ரத்தம் நிற்கவில்லை. "திமிர் பிடிச்ச கோழி டாக்டர், மத்ததோட இறகையெல்லாம் பிடுங்கித் தின்னுது" என்றார் வீட்டுக்காரர். மொட்டை மாடியில் கோழி வளர்ப்பது பெருகிய பிறகு இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன்.

திமிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோழிச் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். நேருக்கு நேர் நிற்கும், கழுத்து இறகு சிலிர்க்கும், கொண்டையிலும் தலையிலும் கொத்தும், தோற்றது ஓடிவிடும், அத்தோடு முடிந்தது. இறகு கொத்துவது அப்படி நடப்பதில்லை. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து, வால் அடியிலோ முதுகிலோ ஓர் இறகைப் பிடுங்கும். பல நேரம் விழுங்கியும் விடும். அதில் கோபம் கிடையாது. இரை தேடும் கொத்து அது. பகலின் பெரும்பகுதியை மண்ணைக் கிளறியே கழிக்கும் பறவையைச் சிமென்ட் தரையிலோ கம்பி வலை மேலோ நிறுத்திவிட்டீர்கள். கிளற ஒன்றுமில்லை, பக்கத்துக் கோழியின் இறகுதான் கண்ணில் படுகிறது. ஒன்று பழகினால் மற்றவையும் பார்த்துப் பழகும். தோல் கிழிந்து சிவப்பு தெரிந்துவிட்டால் கூட்டமே கூடிக் கொத்தும். ஆசனவாய் வழியே குடல் உருவப்பட்ட கோழிகளையும் சிகிச்சை மேசையில் பார்த்திருக்கிறேன்.

அலகு முழுக்க நகம் மாதிரி என்று நினைக்கிறார்கள். உள்ளே எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. நுனியில் தொடு உணர்ச்சி மிக அதிகம். முட்டைக்கோழிப் பண்ணைகளில் பெரும்பாலும் 7 முதல் 10 நாள் குஞ்சிலேயே, சூடான பிளேடு பொருத்திய கருவியில், பழகிய ஆட்கள் இதைச் செய்கிறார்கள். அதிலேயே வலி உண்டு. வளர்ந்த கோழிக்கு வெட்டினால் வலி நிலையாகவே தங்கிவிடலாம். தீவனம் எடுக்காது, இளைத்துப்போகும், முட்டை நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, வேறு என்ன செய்வது? முதலில் கொத்துதானா என்று பாருங்கள். தலை, கழுத்தில் தொடங்கி உதிர்ந்து புதுக் குருத்து முளைத்தால் அது வழக்கமான இறகு உதிர்ப்பு. சேவல் மிதிப்பதாலும் முதுகு இறகு தேயும். இரவில் டார்ச் அடித்துக் கூண்டின் இடுக்குகளையும் இறகுக்கு அடியில் தோலையும் பாருங்கள். பேனும் செள்ளும் அரிக்கும்போது கோழி தன் இறகையே பிடுங்கும். அதற்காக வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்க வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது தீவனம். ரேஷன் அரிசியையும் மிச்சச் சோற்றையும் மட்டும் போட்டுவிட்டு முட்டையை எதிர்பார்க்கிறார்கள். அரிசியில் புரதம் சுமார் 7 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 வேண்டும். புரதமோ உப்போ குறைந்தாலும் கொத்து ஆரம்பிக்கும். முட்டைக்கோழித் தீவனத்தைத் தூளாகவே வாங்குங்கள். குருணையாக அழுத்திச் செய்த பெல்லட் தீவனத்தைச் சீக்கிரம் தின்று முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா நிற்கும்.

சும்மா நிற்கவே விடக்கூடாது. தரையில் வைக்கோலும் சருகும் பரப்பி, உள்ளே ஒரு கைப்பிடி கம்போ சோளமோ தூவுங்கள். முருங்கைக்கீரையைக் கட்டாகக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். பழைய டப்பில் மணலும் சாம்பலும் கொட்டி வைத்தால் புரண்டுகொள்ளும். இரவு முழுக்க பல்பு எரிய வேண்டாம். முட்டையிடும் பெட்டி இருட்டான மூலையில் இருக்கட்டும். முட்டையிட்டதும் ஆசனவாய் கொஞ்ச நேரம் சிவந்து பிதுங்கித் தெரியும், மற்றவை அதைத்தான் குறிவைக்கும்.

காயம்பட்டதை நாளைக்கு என்று தள்ளாமல் உடனே பிரியுங்கள். போவிடோன் அயோடின் கரைசலால் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவலாம். விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். கொத்திய கோழியையும் சில நாள் தனியே வையுங்கள். காயம் ஆறி இறகு முளைத்த பிறகு, முதலில் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பழகட்டும். அப்புறம் சேருங்கள், சேர்த்த அன்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.