சொல் விளக்கம்: மரபணு இடர்க் காரணி

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு கர்ப்பிணி அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதியும்போது, கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தை நிரப்பும் தாதி தவறாமல் கேட்பது, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ 'கென்சிங் மானிஸ்', அதாவது மலாய் மொழியில் நீரிழிவு, உண்டா என்பதாகும். உண்டென்றால், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்துச் செய்யும் பரிசோதனை முன்கூட்டியே நடைபெறும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு, வெறும் வயிற்றில் 5.1 அல்லது இரண்டு மணி நேரத்திற்குப் பின் 7.8 மில்லிமோலை எட்டினால், அது கர்ப்பகால நீரிழிவு. அந்தக் கேள்விக்கு அடிப்படையான கருத்துகளுள் ஒன்றே, ஆங்கிலத்தில் 'ஜெனெடிக் ரிஸ்க் ஃபேக்டர்' எனப்படும் மரபணு இடர்க் காரணி.

நோயின் பெயரை முதலில் பார்ப்போம். 'டயாபெட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடுருவிச் செல்லுதல் என்று பொருள். 'மெலிட்டஸ்' என்ற இலத்தீன் அடைமொழி தேனின் இனிமையைக் குறிக்கும். முன்னதற்கு நீரிழிவும், மலேசியத் தமிழர் நாவில் வழங்கும் 'இனிப்பு நீர்' பின்னதற்கும் அழகாகப் பொருந்துகின்றன. நீரிழிவில் உள்ள இழிவு தாழ்வன்று. இழிதல், அதாவது வழிந்திறங்குதல். 'பேறுகால நீரிழிவு' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். பேறுகாலம் பிள்ளை பெறும் வேளையைச் சுட்டும், இந்நோயோ பெரும்பாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் கண்டறியப்படுவது.

'ஜீன்' என்பது 1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன், 'பான்ஜென்' என்ற பழைய சொல்லைச் சுருக்கி உருவாக்கியது. தமிழில் மரபு என்னும் சொல் தொல்காப்பியத்து மரபியல் வரை செல்லும் தொன்மையுடையது. ஜீன் அணு அன்று, டிஎன்ஏ இழையின் ஒரு பகுதி என்பதால் 'மரபீனி' என்பாரும் உளர். அது துல்லியமான ஆக்கமே எனினும், மக்களிடம் வேரூன்றிவிட்ட மரபணுவையே ஆள்வது நன்று.

சிக்கல் 'ரிஸ்க் ஃபேக்டர்' என்ற பகுதியில்தான் இருக்கிறது. இதனை 'மரபணுக் காரணம்' என்று எழுதும்போது, தாயின் உடம்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது போன்ற பொருள் வந்துவிடுகிறது. கருவுற்ற பெண்ணை அச்சொல் வீணாக அஞ்ச வைக்கும். உண்மை வேறு. நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மந்தப்படுத்துவதால், கணையம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரந்தாக வேண்டும். டிசிஎஃப்7எல்2, எம்டிஎன்ஆர்1பி ஆகிய மரபணுக்களில் காணப்படும் சில மாறுபாடுகள் அந்தச் சுரப்பைச் சற்றே குறைக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அவற்றைச் சுமந்தும் நோயின்றிப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். உடல் எடை, வயது, உணவு ஆகியவையும் சேர்ந்தே நிகழ்தகவைக் கூட்டுகின்றன. ஆகவே காரணம் என்னாது காரணி என்றும், ஆபத்து என்னாது இடர் என்றும் சொல்வதே முறை. இம்மாறுபாடுகளைப் 'பிறழ்வு' என்பதும் பொருந்தாது. இவை மக்களிடையே பரவலாக உள்ளவை. 'பரம்பரை' இன்னும் விரிந்த சொல். தாயிடமிருந்து மகளுக்கு மரபணுவோடு அடுப்படிப் பழக்கமும் வருகிறது, தாதியின் கேள்வி இரண்டையும் சேர்த்தே அளக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜிசிகே மரபணுவில் நேரும் ஒற்றைப் பிறழ்வு, பிறவியிலிருந்தே இரத்தச் சர்க்கரையைச் சற்று உயர்த்தி வைக்கும். பலருக்கு அது கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் முதலில் தெரியவரும். அங்கு மட்டும் 'மரபணுக் காரணம்' என்று துணிந்து எழுதலாம். 'கர்ப்பகால' என்ற அடைமொழிதான் அதற்குப் பொருந்தாது.