வருதுன்னு தெரிஞ்சும் அடிக்க முடியாத பந்து

பேஸ்பால் பாக்கிறவங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா கண்டிப்பா ஒரு சண்டை வரும், இதுவரைக்கும் போட்டதுலயே பேட்டரை ஒண்ணும் பண்ண விடாத பந்து எதுன்னு. ஒருத்தர் நோலன் ரயனோட முழு வேக ஃபாஸ்ட்பால்னு சொல்லுவார், இன்னொருத்தர் ராண்டி ஜான்சனோட பக்கவாட்டுல வழுக்கற ஸ்லைடர்னு சொல்லுவார், கொஞ்சம் வயசானவரா இருந்தா சாண்டி கோஃபாக்ஸோட வளைஞ்சு இறங்கற கர்வ்பாலுக்கு மேல எதுவுமே இல்லன்னு அடிச்சு சொல்லுவார். என் பதில் நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவெராவோட கட்டர், அதாவது ஃபாஸ்ட்பால் மாதிரியே வந்து கடைசியில லேசா பக்கவாட்டுல விலகற பந்து. ஏன்னு புரியணும்னா அந்தப் பந்து காத்துல என்ன பண்ணுதுன்னு முதல்ல பாக்கணும், சும்மா ஸ்பீடு நம்பரை மட்டும் வச்சு பேசினா இந்த சண்டை என்னிக்கும் முடியாது.

முதல்ல வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துடறேன். கிரிக்கெட்ல பிட்ச்னா நடுவுல இருக்கிற 22 கஜம் தரை, பேஸ்பால்ல பிட்ச்னா வீசுற அந்தப் பந்தேதான். அது தரையில பட்டு எழும்பற வேலையே இல்ல, நம்ம பாஷையில எல்லாமே ஃபுல் டாஸ். ஃபுல் டாஸ்னா சிக்ஸர்தானேன்னு தோணும், ஆனா அங்க பேட் தட்டையா இருக்காது, உருண்டைக் கட்டை, அதோட தடிமனான இடமே 6.6 சென்டிமீட்டர்தான் இருக்கலாம்னு ரூல், உருண்டைக் கட்டையால உருண்டைப் பந்தை அடிக்கணும்கிறப்போ ரெண்டு சென்டிமீட்டர் தப்பினாலும் கதை முடிஞ்சுது.

இப்போ நேரத்தைப் பாருங்க. பந்து வீசற பிட்சர் நிக்கிற மேட்டுல இருந்து, பேட்டர் பக்கத்துல நிக்கிற ஹோம் ப்ளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், 1893-ல வச்ச அளவு, இன்னும் மாறல. பிட்சர் காலை நீட்டி முன்னாடி வந்து வீசறதால பந்து கையை விடறப்போ மிச்சம் இருக்கிற தூரம் சுமார் 55 அடி. மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் வேகத்துல வந்தா 0.4 செகண்டுல ப்ளேட்டுக்கு வந்துடும். பேட்டை சுத்தறதுக்கு மட்டுமே சுமார் 0.15 செகண்ட் ஆகுது, அதைக் கழிச்சிட்டு கண்ணு பாத்து மூளை முடிவெடுத்து கைக்கு ஆர்டர் போற நேரத்தையும் கழிச்சா, பந்து பாதி வழி வரும்போதே அடிக்கலாமா வேணாமா, எங்க அடிக்கணும்னு முடிவு பண்ணியாகணும். மீதிப் பாதி வழி வெறும் கணிப்புதான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. பந்தைப் பக்கவாட்டுல தள்ற விசை வழி முழுக்க கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கு, ஆனா பந்து விலகற தூரம் நேரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், ஸ்கூல்ல படிச்ச அதே ஃபார்முலாதான். அதனால பாதி நேரத்துல மொத்த விலகல்ல கால்வாசிதான் நடந்திருக்கும், மிச்ச முக்கால்வாசி கடைசிப் பாதியில நடக்கும். ஒரு பந்து மொத்தம் 6 அங்குலம் விலகுதுன்னு வைங்க, பேட்டர் முடிவெடுக்கிற நேரத்துல அது விலகினது ஒண்ணரை அங்குலம்தான், மிச்சம் நாலரை அங்குலம் அவர் கட்டையை சுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம். பந்து கடைசி நேரத்துல திடீர்னு வெட்டுச்சுன்னு பேட்டர்கள் சொல்றது இதைத்தான், திடீர்னு எதுவும் நடக்கல, ஆரம்பத்துல இருந்தே நடந்துட்டுதான் இருந்தது, கண்ணுக்குப் பட்டது லேட்டு.

அந்த விசை எங்க இருந்து வருதுன்னா சுழற்சியில இருந்து. சுழல்ற பந்து தன்னைச் சுத்தி இருக்கிற காத்தையும் இழுத்துட்டுப் போகுது, பந்துக்குப் பின்னாடி போற காத்து ஒரு பக்கமா திரும்பிடுது, அதுக்கு எதிர்ப்பக்கமா பந்து தள்ளப்படுது. இதை 1850-கள்ல ஆராய்ச்சி பண்ணினவர் ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ், அவர் பேர்லயே மேக்னஸ் விளைவுன்னு சொல்றோம். பேஸ்பால்ல சிவப்பு நூலால போட்ட 108 இரட்டைத் தையல் துருத்திக்கிட்டு நிக்குது, அது காத்தை இன்னும் நல்லா பிடிச்சு இழுக்கும்.

ஃபாஸ்ட்பால் பின்பக்கமா சுழலும், அதனால மேல் நோக்கி ஒரு தள்ளு கிடைக்கும். சுழற்சியே இல்லன்னா 0.4 செகண்டுல புவியீர்ப்பு அந்தப் பந்தை கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் கீழ இழுத்துடும், நல்ல ஃபாஸ்ட்பால் அதுல பாதியைத் திருப்பி வாங்கிடுது. பந்து மேல ஏறவே ஏறாது, ஆனா மூளை எதிர்பார்த்த அளவு இறங்காததால ஏறின மாதிரி தெரியும், பேட் அடியில போயிடும். ரயன் 5714 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல வெளியேத்தறது) எடுத்ததுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா வேகம் மட்டும் போதும்னா அரோல்டிஸ் சாப்மன்தான் இந்தப் பட்டியல்ல முதல் ஆள், 2010 செப்டம்பர்ல சான் டியேகோவுல 105 மைலுக்கு மேல போட்டவர் அவர், மணிக்கு 169 கிலோமீட்டர். அவருக்கே ஸ்லைடர் தேவைப்படுது. அந்த லெவல்ல ஆடற பேட்டர்கள் எந்த வேகத்துக்கும் பழகிடுவாங்க, ஃபாஸ்ட்பால் வருதுன்னு உறுதியா தெரிஞ்சா 100 மைலையும் அடிச்சுடுவாங்க.

என் மனசுல ரெண்டாவது இடம் பெட்ரோ மார்டினெஸோட சேஞ்ச்அப்புக்கு. ஃபாஸ்ட்பால் போடற அதே கை வேகம், அதே அசைவு, ஆனா பந்தைப் பிடிக்கிற விதத்தால வேகம் பத்து மைல் கிட்ட குறைஞ்சிடும். பத்து மைல் குறைஞ்சா பந்து சுமார் 0.05 செகண்ட் லேட்டா வரும், அந்த 0.05 செகண்டுல பந்து போற தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர்! பேட்டர் சுத்தி முடிக்கும்போது பந்து இன்னும் வந்தே சேர்ந்திருக்காது. 2000-ஆம் வருஷம், ரன் மழை கொட்டின காலம், அமெரிக்காவோட ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா 4.91 ரன் விட்டுக் கொடுத்தப்போ பெட்ரோ விட்டது 1.74. அடுத்த இடத்துல இருந்த ரோஜர் க்ளெமன்ஸுக்கே 3.70. இது எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு. ஆனாலும் சேஞ்ச்அப்புக்கு உயிர் கொடுக்கிறது ஃபாஸ்ட்பால் மேல இருக்கிற பயம், அதை மட்டும் தனியா போட்டா அது வெறும் ஸ்லோ பால். ஜப்பான் பிட்சர்களோட, ப்ளேட்டுக்கிட்ட சட்டுனு கீழ விழற ஃபோர்க்பாலும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 10-ம் தேதி ரோக்கி சசாகி தொடர்ச்சியா 13 பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணி, ஒரு பேட்டரைக்கூட பேஸுக்குப் போக விடாத பெர்ஃபெக்ட் கேம் போட்டப்போ அந்த ஃபோர்க்பால் அப்படி விழுந்ததுக்குக் காரணம், கூடவே 100 மைல் பந்தும் வரும்னு எல்லாருக்கும் தெரியும்கிறதுதான்.

வருதுன்னு சொல்லிட்டே போடற பந்து இன்னொண்ணு இருக்கு, நக்கிள்பால். கிட்டத்தட்ட சுழலாமலே வரும், தையல் எந்தப் பக்கம் காத்துல படுதோ அதுக்கேத்த மாதிரி தள்ளு மாறிட்டே இருக்கும், எங்க போகும்னு வீசினவருக்கே தெரியாது. 2012-ல ஆர்.ஏ. டிக்கி இதை வச்சு, சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் விருதே வாங்கினார். ஆனா லேசா சுழல ஆரம்பிச்சுட்டா அது மெதுவா நேரா வர்ற பந்து, அடி வாங்கி மைதானத்துக்கு வெளியே போயிடும், அதை எப்படி ஆதிக்கம்னு சொல்றது.

ரிவெரா கதைக்கு வருவோம். பனாமாவுல மீன்பிடி கிராமத்துல வளர்ந்தவர். 1997-ல மேட்சுக்கு முன்னாடி சக பிட்சர் ரமிரோ மெண்டோசாவோட சும்மா பந்து தூக்கிப் போட்டுட்டு இருந்தப்போ அவர் ஃபாஸ்ட்பால் தானா வளைய ஆரம்பிச்சுது. கோச்சும் அவரும் சேர்ந்து அதை நேராக்க முயற்சி பண்ணாங்க, முடியல, அப்புறம் அப்படியே விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் 2013 வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரே பந்துதான். 652 சேவ் (கடைசியில வந்து டீமோட வெற்றியைக் காப்பாத்தறது), ப்ளேஆஃப்ல 141 இன்னிங்ஸ் போட்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.70 ரன், 2019-ல ஒரு ஓட்டு கூட குறையாம, பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேம். அப்படி எல்லா ஓட்டும் வாங்கின முதல் ஆள் அவர்தான்.

ஒரே பந்து எப்படி வேலை செஞ்சுதுன்னா, ஸ்லைடர் சுழலும்போது தையல் ஒரு இடத்துல குவிஞ்சு சின்ன சிவப்புப் புள்ளியா தெரியும், பழகின பேட்டர் அதைப் பிடிச்சுடுவார். ரிவெராவோட கட்டர்ல அந்தப் புள்ளி தெரியாது, பாக்க அப்படியே ஃபாஸ்ட்பால், சுழற்சி அச்சு மட்டும் லேசா சாஞ்சிருக்கும். அந்த சாய்வு போதும், நான் மேல சொன்ன கால்வாசி முக்கால்வாசி கணக்குல கடைசி நாலஞ்சு அங்குலம் இடதுகை பேட்டரோட உடம்புப் பக்கமா உள்ள வரும். பேட்டோட நல்ல இடத்துல படவேண்டிய பந்து ஒல்லியான கைப்பிடியில படும், கட்டை முறியும். ரெண்டு பக்கமும் நின்னு ஆடத் தெரிஞ்ச சில ஸ்விட்ச் ஹிட்டர்கள், வலதுகை பிட்சருக்கு இடதுகையில ஆடற வழக்கத்தை அவருக்கு எதிரா மட்டும் மாத்தி வலதுகையில ஆடினாங்க. அவர் ஓய்வு பெறப்போற வருஷம் மினசோட்டா டீம் அவருக்குக் கொடுத்த பரிசு, உடைஞ்ச பேட்களை வச்சே செஞ்ச ஒரு ஆடும் நாற்காலி.

அவர் போட்டது ஒரு இன்னிங்ஸ்தானேன்னு எதிர்க்கட்சி கேக்கும், நியாயமான கேள்வி. பெட்ரோ மாதிரி ஒரே ராத்திரியில அதே பேட்டரை மூணு தடவை பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த பேட்டர்கள் அவரை பதினேழு வருஷமா பாத்தாங்களே, பழகிக்க அது போதாதா?

அப்புறம் 2001 நவம்பர் 4-ஐ எடுத்து வைப்பாங்க, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற வேர்ல்ட் சீரிஸ்ல ஏழாவது மேட்ச், அரிசோனா, ஒன்பதாவது இன்னிங்ஸ், ரிவெரா கையில இருந்த ஆட்டம் போயிடுச்சே, அப்புறம் என்ன ஆதிக்கம்னு. அந்தக் கடைசிப் பந்தை நான் எத்தனையோ தடவை திருப்பிப் போட்டுப் பாத்திருக்கேன். ஸ்கோர் 2-2, எல்லா பேஸ்லயும் ஆள், ஒரு அவுட். லூயிஸ் கொன்சாலஸ் இடதுகை பேட்டர், கட்டர் எப்பவும் போல உள்ள வந்து கைப்பிடிப் பக்கமா பட்டுச்சு, பந்து உயிரே இல்லாம மெதுவா எழும்பி ரெண்டாவது மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் தலைக்கு மேல போய் புல்லுல விழுந்துது. மூணாவது பேஸ்ல இருந்த ஆள் ஓடி வந்தா ஜெயிக்கிற ரன், அவரை ஹோம்ல அவுட் பண்றதுக்காக இன்ஃபீல்டை, அதாவது பேஸ்கள் பக்கம் நிக்கிற ஃபீல்டர்களை, முன்னாடி கூட்டி வச்சிருந்தாங்க. ஜீட்டர் வழக்கமா நிக்கிற இடத்துல நின்னிருந்தா அது கையில விழற கேட்ச்.