அவர் சொல்வது பொய் இல்லை

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "குடியை விட்டு மூணு வாரம் ஆச்சு டாக்டர், ஆனா வாயைத் திறந்தா பொய்தான்" என்றார். என்னை முன்பு பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டதும், "நேத்து பஸ்ல பக்கத்துல உட்கார்ந்து வந்தோமே" என்று சட்டென்று பதில் வந்தது. வெளியே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினேன், புது ஆளுக்குச் சொல்வதுபோல் வணக்கம் சொன்னார். ஆனால் பள்ளிக்கூட நண்பர்களின் பெயர்களைக் கேட்டால் மடமடவென்று சொல்கிறார்.

நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே ஒரு கதையால் அடைக்கிறது, சொல்பவர் அதை உண்மை என்றே நம்புகிறார். ரஷ்ய மருத்துவர் கோர்சகோஃப் 1887இலேயே விவரித்த, அவர் பெயராலேயே கோர்சகோஃப் நோய் எனப்படும் நோய் இது.

காரணம், தயமின் என்கிற வைட்டமின் பி1 தீர்ந்துபோவது. உடலில் அதன் இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான், சாப்பாட்டில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காலியாகிவிடும். விடாமல் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சாது, கெட்டுப்போன ஈரலால் சேமிக்கவும் முடியாது. சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பி1 இல்லாமல் மூளையில் தலாமஸ் போன்ற, நினைவைப் பதிய வைக்கும் பகுதிகள் சேதமாகின்றன.

இதற்கு முந்தைய கட்டம்தான் வெர்னிக்கி நோய், அங்கேயே பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். குழப்பம், தள்ளாட்டம், கண் ஆடுவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது, இவைதான் அறிகுறிகள். மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு ஒன்றுதான் தெரியும். கொடுமை என்னவென்றால் இதெல்லாம் போதை மாதிரியே இருக்கும், "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். குடிக்காத நாளிலும் தள்ளாடினால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். குடிப்பழக்கத்தையும் பல நாளாகச் சாப்பிடாததையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பி1 இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். பி1 ஊசியை ரத்தக் குழாயில் போட வேண்டும், அந்த நேரத்தில் மாத்திரை போதாது.

கர்ப்பத்தில் ஓயாத வாந்தி, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகும் இது வரும், குடியே தேவையில்லை. இன்னொன்று, நிறையக் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

அந்தம்மா சில மாதம் கழித்து வந்தார். கணவர் நன்றாகச் சாப்பிடுகிறார், நடை தேறியிருக்கிறது, நினைவு கொஞ்சம்தான் திரும்பியிருக்கிறது. தினமும் நடப்பதை ஒரு நோட்டில் எழுதிக் கணவர் கையில் கொடுக்கிறாராம். "இப்போ நான் சண்டை போடறதில்ல டாக்டர், நோட்டைக் காட்டறேன்" என்றார்.