கொரோனா காலப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒருவர். விழுப்புரம் பக்கம் இரண்டு ஏக்கர், 2020-ல் தர்பூசணி போட்டவர். மகளின் கல்விக் கடனுக்காக வந்தார். அவரது கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைத் திறந்தால் அந்த வருடத்துப் பயிர்க்கடன் வாராக்கடனாக நிற்கிறது. "அதான் அப்பவே தள்ளுபடி பண்ணிட்டாங்களே சார்" என்கிறார். வங்கியில் விவசாயக் கடன் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவர் பட்ட நஷ்டம் நிஜம். மார்ச் 25-ல் ஊரடங்கு. தர்பூசணி அறுவடையும் அப்போதுதான். விவசாய வேலைக்குச் சில நாட்களிலேயே விலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஜூஸ் கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடிக்கிடந்தால் வியாபாரி எதற்கு வருவார்? மே 5-ல் கோயம்பேடும் மூடியது. காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போனது. காய் வயலிலேயே அழுகியது, மிச்சத்தை மாடு தின்றது.

அந்தப் போகம் அதோடு முடிந்தது. கடன் முடியவில்லை.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்தது. கட்ட வேண்டிய தேதிதான் தள்ளிப்போனது. அசல் அப்படியே இருந்தது. வட்டி ஒவ்வொரு நாளும் ஏறியது. தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள்: வட்டி ஏறியது. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான். அந்த வருடம் இந்தச் சலுகைக் கெடுவையும் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். லட்ச ரூபாய்க்கு வருடத்துக்கு 4,000 கட்ட வேண்டியவர், தள்ளுபடி என்று நம்பி உட்கார்ந்ததால் சலுகையையும் இழந்தார், அபராத வட்டியையும் சேர்த்துக்கொண்டார்.

அக்டோபரில் வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருவதாக மத்திய அரசு அறிவித்ததே என்பார்கள். வீடு, வாகனம், கிரெடிட் கார்டு பாக்கி என்று பட்டியல் இருந்தது. பயிர்க்கடன் அதில் இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்ததே என்பார்கள். செய்தது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை. எங்களைப் போன்ற வங்கிகளில் வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி ஆனது என்றால், அவர் கடன் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். பட்டா பெயரில் இல்லாததால் மத்திய அரசின் விவசாயி உதவித்தொகையான பி.எம். கிசானின் 2,000 ரூபாய்த் தவணைகூட வரவில்லை. பலர் கந்துவட்டிக்குப் போனார்கள். அங்கே ஒத்திவைப்பு ஏது? குத்தகையை எழுத்தில் போடுங்கள். குத்தகைக்காரருக்கும் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து பயிர்க்கடன் வாங்க வழி இருக்கிறது.

இந்த வாரமே கிளைக்குப் போய்க் கணக்கு அறிக்கை வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், காகிதம் வேண்டும். பயிர்க்கடனுக்கான கிசான் கிரெடிட் கார்டை வருடாவருடம் புதுப்பியுங்கள். விளைச்சல் போனால், சந்தை மூடினால், கெடு முடிவதற்கு முன்பே கடன் மறுசீரமைப்பு, அதாவது தவணைகளை மாற்றியமைத்துத் தரும்படி கேட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கெடு தாண்டி வந்தால் எங்கள் கையும் கட்டப்பட்டுவிடும்.

பாக்கியைக் குறைத்து ஒரே தொகையாகக் கட்டி முடிக்கச் சொன்னால், சிபிலில் 'செட்டில்டு' என்று விழுமா என்று முதலில் கேளுங்கள். அப்படி விழுந்தால் அடுத்த கடனுக்கு வருடக்கணக்கில் இழுபறிதான். முழுதாகக் கட்ட முடிந்தவர்கள் முழுதாகவே கட்டிவிடுங்கள். பாக்கியில்லாச் சான்று கையில் வராமல் கிளையை விட்டு நகராதீர்கள்.

எழுத்துப் புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் எண் 14448. தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருபவரிடம் மட்டும் ஆதார் நகலைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள் ஐயா.