அடியபாட்டிக்: சொல் விளக்கம்

அடியபாட்டிக் (பெயரடை): ஓர் அமைப்புக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இடையே வெப்பம் கைமாறாமல் நடக்கும் நிகழ்வைக் குறிப்பது. வாயுவை அமுக்கலாம், விரியவிடலாம். அதன் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி ஏறலாம், இறங்கலாம். எல்லைச் சுவரைத் தாண்டி வெப்பம் மட்டும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. தமிழில்: வெப்பப் பரிமாற்றமில்லா. இலங்கை வழக்கு: சேறலிலா. தவிர்க்க வேண்டியது: வெப்பமாறா, வெப்பம் மாறா.

பரவலாகப் புழங்கும் ஒரு வடிவத்தைத் தவிர்க்கச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியலில் இந்த நிகழ்வு மூன்று கூட்டாளிகளோடு வருகிறது: வெப்பநிலை மாறா, அழுத்தம் மாறா, பருமன் மாறா. நான்காவதையும் அதே அச்சில் வார்த்து ‘வெப்பம் மாறா’ என்று வைத்தால் ஓசை பொருந்தும், மனப்பாடம் செய்யவும் எளிது. இயற்பியல்தான் இடிக்கிறது. வெப்பநிலை, அழுத்தம், பருமன் ஆகிய மூன்றும் நிலை மாறிகள். சமநிலையில் இருக்கும் வாயுவைக் காட்டி ‘இதன் அழுத்தம் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் உண்டு. ‘இதன் வெப்பம் எவ்வளவு?’ என்று கேட்டால் பதிலே கிடையாது. வாயுவிடம் இருப்பது அக ஆற்றல். வெப்பநிலை வேறுபாட்டால் அந்த ஆற்றல் எல்லையைக் கடந்துகொண்டிருக்கும்போது மட்டும் அதற்கு வெப்பம் என்று பெயர். கடந்து முடித்ததும் அந்தப் பெயர் போய்விடுகிறது. வாயுவிடம் இருப்பாகவே இல்லாத ஒன்று மாறாமல் இருப்பதாகச் சொல்வதில் பொருள் இல்லை.

அன்றாடத் தமிழ் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. கத்திரி வெயில் நாட்களில் ‘மீனம்பாக்கத்தில் 104 டிகிரி வெப்பம்’ என்று செய்தி வரும். அது வெப்பநிலை. செய்தி படிப்பவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அதே பழக்கத்தோடு ‘வெப்பமாறா’ என்ற சொல்லைப் பார்க்கும் மாணவர் அதை ‘வெப்பநிலை மாறா’ என்றே வாங்கிக்கொள்கிறார். வெப்பநிலை மாற்றம் சுழி என்று முதல் வரியில் எழுதுகிறார். நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது என்பதால் அதன் மாற்றமும் உடனே சுழியாகிறது. வெப்பமும் சுழி என்பதால் வேலையும் சுழி. பிஸ்டனை ஓங்கி அழுத்தியும் யாரும் வேலை செய்யவில்லை என்று கணக்கு முடிகிறது.

இனி மூலத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘அ’ என்பது இன்மை, ‘தியா’ என்பது ஊடாக, ‘பாட்டோஸ்’ என்பது செல்லத் தக்கது. சேர்த்தால் ‘ஊடே செல்ல முடியாதது’. பழங்கிரேக்கத்தில் இறங்கிக் கடக்க முடியாத ஆற்றுக்கு இந்த அடைமொழி வழங்கியது. ‘பாட்டோஸ்’ பிறந்த வினைச்சொல்லின் பொருள் நடத்தல், செல்லல். நுனிக்காலில் நடப்பவர் அக்ரோபாட் ஆனது அதிலிருந்துதான். நம் வீடுகளில் தினமும் அடிபடும் டயாபடீஸும் இதே குடும்பம்: ‘தியா’வும் அந்த வினையும் சேர்ந்து ‘ஊடே கடந்து போவது’, அதாவது உடலின் வழியாக நீர் நிற்காமல் போய்விடுவது. இன்மை குறிக்கும் ‘அ’வை முன்னால் ஒட்டினால் ஏறக்குறைய நம் சொல் வந்துவிடும்.

வெப்பவியலுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1871இல் வெப்பம் குறித்து எழுதிய நூலில், ராங்கின் வைத்த பெயர் என்று குறிப்பிட்டே அதை எடுத்தாண்டார். பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பொருள் வந்துவிட்டது. 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ தன் வெப்ப இயந்திரச் சுற்றை விவரித்தபோது நான்கு கட்டங்களில் இரண்டு இவைதாம். அவை ஏன் தேவைப்பட்டன என்பதைப் பார்த்தால் சொல்லின் பயன் விளங்கும். செயல்படு பொருள், அதாவது இயந்திரத்துக்குள் விரிந்து சுருங்கும் வாயு, சூடான மூலத்தின் வெப்பநிலையிலிருந்து குளிர்ந்த ஏற்பியின் வெப்பநிலைக்கு இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியில் வேறு வெப்பநிலையில் உள்ள எதையாவது தொட்டால் வெப்பம் வேலை எதுவும் தராமல் வீணே பாயும். சுற்று மீள் தன்மையை, அதாவது அதே வழியில் திருப்பி நடத்தக்கூடிய தன்மையை, இழக்கும். ஆகவே எதையும் தொடாமல், தன் அக ஆற்றலைச் செலவழித்துப் பிஸ்டனைத் தள்ளியபடியே குளிர வேண்டும். திரும்பி ஏறும்போதும் அப்படியே, வெளியிலிருந்து வேலை வாங்கிக்கொண்டு சூடாக வேண்டும்.

இலங்கைப் பாடநூல் மரபில் வழங்கும் ‘சேறலிலா’ இந்தக் கிரேக்கப் பொருளை அப்படியே தமிழாக்கியது. ‘செல்’ என்னும் வினையின் பழைய தொழிற்பெயர் சேறல். இலா என்பது இல்லாத. கிரேக்கத்தில் உள்ளது போலவே இங்கும் வெப்பம் என்ற சொல்லே இல்லை. அழகான ஆக்கம், சுருக்கமானது, புணர்ச்சிக்கும் வளைந்து கொடுக்கும்: சேறலிலா விரிவு, சேறலிலா நெருக்கல். சென்னை வகுப்பறையில் அதைச் சொன்னால் சேற்றை நினைப்பார்கள் என்பதுதான் சங்கடம். தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு’ நீளமானது, ஆனால் முதல் வாசிப்பிலேயே எது இல்லை என்று சொல்லிவிடுகிறது. நிலை மாறிக்கு உரிய ‘மாறா’வை அது தொடவில்லை. நம் தேர்வு அதுவே.

பொருள் உறைக்க ஒரு டீசல் எஞ்சினைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடுக்ககத்து ஜெனரேட்டர் ஒன்றின் அமுக்க விகிதம் 18 என்று கொள்வோம், அதாவது காற்றின் பருமன் பதினெட்டில் ஒரு பங்காகிறது. உள்ளே இழுக்கும் காற்று 35 டிகிரி செல்சியஸ், அதாவது 308 கெல்வின். காற்றுக்குக் காமா, அதாவது அழுத்தம் மாறா, பருமன் மாறா நிலைகளின் தன்வெப்ப ஏற்புத்திறன்களுக்கு இடையேயான தகவு, 1.4. வெப்பநிலை உயரும் மடங்கு 18இன் (காமா − 1) அடுக்கு, இங்கே 0.4 அடுக்கு, அதாவது 3.18. ஆக 308 கெல்வின் காற்று சுமார் 979 கெல்வினுக்கு, அதாவது 706 டிகிரி செல்சியஸுக்கு ஏறுகிறது. தீப்பொறியும் இல்லை, அடுப்பும் இல்லை. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 13.9 கிலோஜூல் வேலை உள்ளே போயிருக்கிறது. வெப்பமாக ஒரு ஜூல்கூடப் போகவில்லை. அழுத்தம் 57 மடங்காகிறது. அதே காற்றை வெப்பநிலை மாறாமல் மெதுவாக அமுக்கியிருந்தால் 18 மடங்கோடு நின்றிருக்கும். அழுத்தம்–பருமன் வரைபடத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரு கோடுகளில் அடியபாட்டிக் கோடு காமா மடங்கு செங்குத்தாக இருப்பதற்குக் காரணம் இதுதான். விடைத்தாளில் இரண்டையும் இடம் மாற்றி வரைவது வழக்கமான தவறு.

அதைவிட வழக்கமானது செல்சியஸிலேயே பெருக்குவது. 35ஐ 3.18ஆல் பெருக்கினால் 111 டிகிரி. அந்தச் சூட்டில் டீசல் ஒருநாளும் தானாகப் பற்றாது. விடை தவறு என்று எஞ்சினே சொல்லிவிடும். பெட்ரோல் எஞ்சினில் விகிதத்தை 10 அளவிலேயே நிறுத்துவதும் இந்தச் சூட்டுக்குப் பயந்துதான். 10 மடங்கு அமுக்கினாலே கணக்குப்படி சுமார் 500 டிகிரி. அங்கே காற்றோடு எரிபொருளும் கலந்திருப்பதால் இன்னும் ஏற்றினால் பிளக் பொறி விடுவது வரை காத்திராமல் கலவை தானே வெடித்து நாக்கிங் வரும். டீசலில் அமுக்கப்படுவது வெறும் காற்று.

உண்மையான சிலிண்டர் முழு அடியபாட்டிக் கிடையாது. 1500 ஆர்.பி.எம்.மில் அமுக்கும் வீச்சு 20 மில்லி நொடியில் முடிகிறது. அந்த இடைவெளியிலும் கொஞ்சம் வெப்பம் சுவருக்குக் கசியும். காமாவின் இடத்தில் 1.4க்குப் பதில் 1.35 என்று வைத்தால் 706 டிகிரி 574 ஆகிவிடுகிறது. பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் 200 ஆர்.பி.எம்.மில் முக்கினால் அதே வீச்சுக்கு 150 மில்லி நொடி. கசிவு பல மடங்கு, பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் காற்றும் சேர்ந்து ஓடிவிடும். ஊட்டியின் மார்கழிக் காலையில் டீசல் வண்டி கிளம்ப மறுப்பதும், சிலிண்டருக்குள் சூடேற்றும் க்ளோ பிளக் தேவைப்படுவதும் இந்தக் கணக்கால்தான்.

இங்கிருந்துதான் ‘அடியபாட்டிக் என்றால் வேகமான நிகழ்வு’ என்ற குறுக்கு வரையறை பிறக்கிறது. பாதி சரி. வெப்பம் கசிய எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் வேகம் பேச வேண்டும். தரையிலிருந்து மேலெழும் பெரிய காற்றுத் திரள் நிமிடக்கணக்கில் நிதானமாக ஏறுகிறது. திரள் பெரிது, காற்று மோசமான கடத்தி, ஆகவே அதுவும் அடியபாட்டிக்தான். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் 9.8 டிகிரி குளிர்கிறது, யாருக்கும் வெப்பம் கொடுக்காமலே.

ஒலியிலும் இதே கதை. நியூட்டன் ஒலியலையை வெப்பநிலை மாறா நிகழ்வாகக் கொண்டு தந்த சூத்திரப்படி 0 டிகிரிக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 280 மீட்டர். அளந்தால் சுமார் 331. லாப்லாஸ் 1816இல் காமாவைச் சேர்த்து அதைத் திருத்தினார். 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் அரைச் சுழற்சிக்குள் வெப்பம் காற்றில் பரவும் தூரம் 0.1 மில்லிமீட்டர் அளவு; இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவே 17 சென்டிமீட்டர். சமனாக வழியே இல்லை. வேகம்தான் காரணம் என்று மட்டும் படித்தவர், அலைவெண் கூடக்கூட அடியபாட்டிக் தன்மை கூடும் என்று நினைப்பார். நடப்பது நேர்மாறு. அலைநீளம் அலைவெண்ணுக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது. வெப்பம் பரவும் தூரமோ அலைவெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் சுருங்குகிறது. தாழ்ந்த ஒலியே கூடுதல் அடியபாட்டிக்.

காமாவைக் கையால் அளக்கும் கிளெமான்–தெசார்ம் சோதனை 1819ஆம் ஆண்டினது, பி.எஸ்ஸி. ஆய்வகங்களுக்கு இன்றும் ஏற்றது. பெரிய கண்ணாடிக் குடுவையில் சைக்கிள் பம்பால் சிறிது காற்றை ஏற்றி, வெப்பநிலை அறையோடு சமனாகும் வரை காத்திருந்து அழுத்தம் காட்டும் மானோமீட்டரின் திரவ உயர வேறுபாட்டைக் குறிக்க வேண்டும்: 14.0 சென்டிமீட்டர் என்று வைப்போம். அகன்ற தக்கையைத் திறந்து, காற்றின் ஓசை அடங்கியதும் மூட வேண்டும். குளிர்ந்த காற்று மறுபடி அறை வெப்பநிலைக்கு வரப் பத்து நிமிடம் விட்டால் மானோமீட்டர் ஏறும்: 4.0. முதல் அளவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் 1.40.

தவறுவது தக்கையில். ஒரு நொடி அதிகம் திறந்துவைத்தால் வெளியிலிருந்து வெப்பம் புகுந்துவிடும். இரண்டாம் அளவு 3.2 ஆகி, காமா 1.30க்கு இறங்கும். அவசரமாக மூடினால் அழுத்தம் வளிமண்டல அளவுக்கு வந்திருக்காது, காமா கூடும். பம்ப் அடித்த சூடு ஆறுமுன் முதல் அளவைக் குறித்துத் திறந்தாலும் குறைவாகவே வரும். சென்னைக்கென்று ஒரு தொல்லை: புழுக்கமான நாளில் குடுவைக்குள் ஈரம் பூரிதத்துக்கு அருகில் இருந்தால், விரியும்போது நீராவி பனித்துளியாகி உள்ளுறை வெப்பத்தை வாயுவுக்கே கொடுத்துவிடும். குடுவையின் அடியில் கால்சியம் குளோரைடு போட்டுவைப்பது சடங்குக்காக அன்று.

சொல்லின் எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்தையும் பருமனின் காமா அடுக்கையும் பெருக்கினால் மாறிலி என்ற சமன்பாடு எல்லா அடியபாட்டிக் நிகழ்வுக்கும் பொருந்தாது. வெப்பம் புகாத பெட்டியில் பாதியில் வாயு, பாதி வெற்றிடம், நடுத்தடுப்பை நீக்குகிறோம்: வெப்பம் இல்லை, தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாததால் வேலையும் இல்லை, நல்லியல்பு வாயுவின் வெப்பநிலை அசையாது. இது அடியபாட்டிக்தான், ஆனால் மீளா நிகழ்வு, என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) கூடுகிறது. மீள் தன்மையும் சேர்ந்தால்தான் அந்தச் சமன்பாடு செல்லும், அப்போது நிகழ்வுக்கு ‘என்ட்ரோபி மாறா’ என்று பெயர். என்ட்ரோபி நிலை மாறி என்பதால் இங்கே ‘மாறா’ சரியாகவே உட்காருகிறது. அனல்மின் நிலைய நீராவி டர்பைனை அடியபாட்டிக் என்று எடுத்துக்கொள்ளலாம், என்ட்ரோபி மாறா என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீராவியின் என்தால்பி–என்ட்ரோபி வரைபடத்தில் நேர்கீழே இறங்கிப் படித்த என்தால்பி (அக ஆற்றலோடு அழுத்தம்–பருமன் பெருக்கலும் சேர்ந்த அளவு) வீழ்ச்சியை டர்பைன் பயனுறுதிறனால் பெருக்க மறந்தால் பொறியியல் தேர்வில் மதிப்பெண் போவது இந்த ஒரு வேறுபாட்டில்தான்.

குவாண்டம் இயக்கவியலிலும் இதே சொல் நடமாடுகிறது. மாக்ஸ் பார்னும் விளாதிமிர் ஃபோக்கும் 1928இல் நிறுவிய அடியபாட்டிக் தேற்றத்தில் வெப்பமே கிடையாது: புறச்சூழலைப் போதிய மெதுவாக மாற்றினால் துகள் தன் ஆற்றல் மட்டத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவாது என்பதே செய்தி. எஞ்சினில் வேகத்தால் கிடைக்கும் தன்மை, அங்கே நிதானத்தால் கிடைக்கிறது. ‘வெப்பப் பரிமாற்றமில்லா தேற்றம்’ என்று மொழிபெயர்த்தால் பிழை. அந்த இடத்துக்கு இலங்கையின் ‘சேறலிலா’ கச்சிதமாகப் பொருந்தும்.