எட்டு மடங்கு என்றால் எவ்வளவு?

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1960-களிலிருந்து பல ஆண்டுகள் ‘மேன்டில்’ முறையில் கதிர் பாய்ச்சினார்கள். கழுத்து, அக்குள், நெஞ்சின் நடுப்பகுதி ஆகியவற்றைச் சால்வைபோல மூடிய அந்தக் கதிர்ப்புலத்தில் நுரையீரலை ஈயக் கட்டிகள் மறைத்தன. மார்பகத்தின் ஒரு பகுதியோ கதிருக்குள்ளேயே இருந்தது. இளவயதில் குணமாகி வீடு திரும்பிய பெண்களில் சிலருக்கு, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் வந்தது. அது கதிரால் வந்ததா, தானாகவே வந்ததா என்று ஒருவரது கட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பலரைச் சேர்த்து எண்ணித்தான் கணிக்க வேண்டும்.

2003-இல் வெளியான ஓர் ஆய்வு, 30 வயதுக்குள் ஹாட்ஜ்கின் நோய் கண்ட 3,817 பெண்களில் மார்பகப் புற்றுநோய் வந்த 105 பேரையும், அது வராத, மற்றபடி அவர்களை ஒத்த 266 பேரையும் ஒப்பிட்டது. பழைய சிகிச்சைப் பதிவேடுகளைக் கொண்டு, கட்டி தோன்றிய அதே இடத்தில் அன்று எத்தனை கிரே (உடல் உள்வாங்கும் கதிரின் அலகு) கதிர் விழுந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆய்வின் உயிரே இந்தக் கணக்குதான். ஏனெனில், கதிர்ப்புலத்தின் விளிம்பில் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளினாலும் அளவு பெரிதும் மாறிவிடும். அதைவிடக் குறைவான கதிர் பெற்றவர்களோடு ஒப்பிட, 4 கிரே அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு ஆபத்து 3.2 மடங்கு, 40 கிரேக்கு மேல் பெற்றவர்களுக்கு 8 மடங்கு.

கதிர் கூடக் கூட ஆபத்தும் இப்படிக் கூடிக்கொண்டே போவது எதிர்பார்ப்புக்கு மாறானது. கதிர் மிகும்போது, மரபணு பழுதான செல்களும் செத்துவிடும் என்பதால் ஆபத்து குறைய வேண்டும். தைராய்டில் ஏறத்தாழ 20 கிரேக்குப் பிறகு அப்படித்தான் குறைகிறது. மார்பகத்தில் குறையாததற்கு, எஞ்சிய செல்கள் பெருகி வெற்றிடத்தை நிரப்புகையில் பழுதானவையும் கூடவே பெருகுவதே காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. சினைப்பைக்கு 5 கிரே அல்லது அதற்கு மேல் கதிர் பட்டவர்களுக்கோ மார்பக ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது; அங்கே ஹார்மோன் சுரப்பு நின்றுபோனதன் விளைவு அது.

‘8 மடங்கு’ என்ற எண்ணை மட்டும் ஒரு நோயாளியிடம் சொல்வது அச்சுறுத்துமே தவிர, எதையும் விளக்காது. எதன் மடங்கு என்பதே கேள்வி. 25 வயதுப் பெண்களில் மார்பகப் புற்றுநோய் அரிது. வயது ஏற ஏற அந்த அடிப்படை எண் உயர்கிறது. எனவே மடங்கை ஒவ்வொரு வயதின் இயல்பான நோய் வீதத்தோடு பெருக்கி, பிற காரணங்களால் நேரும் இறப்புகளையும் கழித்தாக வேண்டும். 25 வயதில் நெஞ்சுக்கு 40 கிரே அல்லது அதற்கு மேல் பெற்று, அல்கைலேட்டிங் வகைப் புற்றுநோய் மருந்துகள் பெறாத பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, 35 வயதுக்குள் 1.4 விழுக்காடு, 45-க்குள் 11.1, 55-க்குள் 29 என்று 2005-இல் இவ்வாறு கணக்கிட்டார்கள்.

இன்று பெரும்பாலும் நோயுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு மட்டும், 20 முதல் 30 கிரே வரையே தருகிறார்கள். அதன் முழு விளைவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பழைய நோயாளிகளிடம் கண்ட, கதிரின் அளவுக்கேற்ப ஆபத்து ஏறும் வளைகோட்டை வைத்தே இன்றைய ஆபத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது.