நான்கு எழுத்துகளை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா, என் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். "ஐயா, நாங்க கடைசிவரைக்கும் கர்த்தரேன்னுதான் ஜெபம் பண்ணோம். கடவுளோட பேரை யேகோவான்னு சரியாச் சொல்லாததாலதான் ஜெபம் கேட்கப்படலைன்னு ஒருத்தர் சொல்றார். நிஜமா?" என்று கேட்டார்.

இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் கற்பிப்பது என் வேலை. பெயரைப் பற்றிய சண்டைகள் எனக்குப் பழகிப்போனவை. ஆனால் இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

முதலில் அந்தச் "சரியான உச்சரிப்பு". யோத், ஹே, வாவ், ஹே: எபிரேய மூலத்தில் கடவுளின் பெயருக்கு இருப்பது இந்த நான்கு மெய்யெழுத்துகள் மட்டுமே. யூதர்கள் பயபக்தியால் அந்தப் பெயரைச் சொல்லாமல், அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து எபிரேய வேதத்தைக் கவனமாகப் படியெடுத்துக் காத்த மசோரா என்னும் யூத அறிஞர்கள், உயிரொலியைக் காட்டும் குறிகளை இட்டபோது, அதோனாயின் குறிகளையே இந்த எழுத்துகளோடு சேர்த்தார்கள். அப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கான நினைவூட்டல் அது. பிற்காலத்தில் அந்த எழுத்தையும் இந்தக் குறியையும் சேர்த்து வாசித்ததில் பிறந்ததுதான் 'யேகோவா'.

நம்பாதவர்களுக்கு ஆதியாகமம் 15:2-ஐ எபிரேயத்தில் காட்டுவேன். அங்கே 'அதோனாய்' என்ற சொல்லே முன்னால் நிற்கிறது. இரண்டு முறை அதோனாய் என்று வாசிக்க முடியாதே! அதனால் இதுபோன்ற இடங்களில் நான்கு எழுத்தோடு, கடவுள் என்று பொருள்படும் 'ஏலோஹீம்' சொல்லின் குறிகள். குறிகள்தான் உச்சரிப்பு என்றால் இடத்துக்கு இடம் மாறுமா? 'யாஹ்வே' என்பதே பொருத்தம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதுவும் ஊகித்துப் பெற்றதுதான். இயேசு கற்பித்த ஜெபத்தில் 'பிதாவே' என்றுதான் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அடுத்து, இளைஞர்கள் போனில் காட்டும் "முரண்பாடு". யாத்திராகமம் 6:3-இல் கடவுள், ஆபிரகாமுக்கு யேகோவா என்னும் நாமத்தினால் அறியப்படவில்லை என்கிறார். ஆதியாகமம் 15:7-இல் ஆபிராமிடமே "கர்த்தர் நானே" என்கிறார். "அது கர்த்தர், இது யேகோவா, வேறு வேறு" என்று சில போதகர்கள் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் அதே நான்கு எழுத்து. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பையன் இணையத்தில் தேடி அதைக் கண்டுபிடிக்கும் நாளில் உங்களை நம்பமாட்டான்.

விடை தேடியவர்கள் இல்லாமலா? 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத வேத விளக்கவுரையாளர் ராஷி ஒரு வினைச்சொல்லில் நின்றார். 'நான் அறிவிக்கவில்லை' என்று இல்லை, 'அறியப்படவில்லை' என்றுதான் இருக்கிறது. முன்னோர்களுக்கு வாக்குக் கொடுத்தார், அதை நிறைவேற்றுகிறவராக அவர்கள் அவரை இன்னும் காணவில்லை என்பது அவர் விளக்கம். 1753இல் ஜான் அஸ்ட்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர், கடவுளுக்கு வரும் பெயர்களை வைத்து ஆதியாகமத்தில் வெவ்வேறு மூலங்களைப் பிரித்துப் பார்த்தார். அந்த வழியில் போனவர்கள், யாத்திராகமம் 6 மோசே காலம்வரை இந்தப் பெயரைத் தவிர்க்கும் ஆசாரிய மரபை, அதாவது ஆசாரியர்கள் வழிவந்த ஒரு மூலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்துகிறது. ஆனாலும் அதே அதிகாரம் 20ஆம் வசனத்தில் மோசேயின் தாய் யோகெபேத் நிற்கிறார். அவர் பெயரின் 'யோ' அந்த நான்கு எழுத்தின் சுருக்கம் என்பதே வழக்கமான விளக்கம். அப்படியானால் மோசேக்கு முன்பே அந்தப் பெயர் தெரிந்திருந்ததா? வகுப்பில் இந்த இடம் வந்தால் மணி அடித்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை.

ஒரு வசனத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். அதிகாரம் முழுக்க வாசியுங்கள். எபிரேயம் தெரிந்தவரிடம் கேளுங்கள். பையன் கேட்டால் அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், துக்க வீட்டுக்குப் போய் உச்சரிப்பு பேசாதீர்கள். அந்த அம்மா இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.